இரண்டு களப்பு, ஒரு கால்வாய்
கட்டற்ற மென்பொருள் சமூகங்களில் மடற்குழுவையும் கருத்துக்களத்தையும் இணைப்பது குறித்து

சிலாபத்திலிருந்து புத்தளம் போகும் வீதியில் முந்தலை நெருங்கும்போது இடப்பக்கமாக ஒரு களப்பு விரிகிறது. ஆழம் குறைந்த நீர். மாரியில் அதன் உப்புத் தணியும், கோடையில் ஏறும். வடக்கே 300 சதுர கிலோமீற்றருக்கும் அதிகமான பரப்போடு கிடக்கிறது புத்தளம் களப்பு. கற்பிட்டிக் குடாநாட்டின் உட்புறமாக நீண்டு, வடக்கு முனையில் அது கடலோடு கலக்கிறது. முந்தல் களப்பையும் புத்தளம் களப்பையும் ஒல்லாந்தர் கால்வாய் இணைக்கிறது. தெற்கே சிலாபம், நீர்கொழும்பு என்று கொழும்புப் பக்கம் வரைக்கும் செல்லும் நீர்வழியின் ஒரு பகுதி அது. கறுவாவும் பிற சரக்குகளும் வள்ளங்களில் போய்வந்த பாதை.

வெவ்வேறு உப்பும் வெவ்வேறு ஆழமும் உள்ள இரண்டு நீர்நிலைகளை இணைத்தால் போக்குவரத்து நடக்கும். கூடவே வேறு சிலவும் நடக்கும். கணினி உலகில் கட்டற்ற மென்பொருளை ஆக்கும் சமூகங்கள் கால் நூற்றாண்டாக இதே வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. பழையவர்கள் மடற்குழுவில் பேசுகிறார்கள், புதியவர்கள் கருத்துக்களத்தில் பேசுகிறார்கள். இருவரையும் ஒரே உரையாடலில் வைத்திருப்பது எப்படி? தமிழில் மென்பொருள் ஆக்குவோருக்கும் மொழிபெயர்ப்போருக்கும் இது நேரடியாகப் பொருந்தும் கேள்வி. நம்முடைய கணினித் தமிழின் அடித்தளமே மடற்குழுக்களில்தான் போடப்பட்டது. அந்த உரையாடல்களில் எவ்வளவு இன்று நம் கையில் இருக்கிறது என்று கேட்டால் மனம் கனக்கிறது.

இழையும் திரியும்

மடற்குழு என்பது ஒரு முகவரி. அதற்கு ஒரு மடல் எழுதினால் குழுவில் சேர்ந்திருக்கும் எல்லோருடைய அஞ்சற்பெட்டிக்கும் போய்ச் சேரும். கருத்துக்களம் என்பது ஓர் இடம். அங்கே போனால்தான் படிக்கலாம், எழுதலாம். முதலாவது வீட்டு வாசலுக்கு வரும் கடிதம் போன்றது. இரண்டாவது ஊர்ச் சந்தியில் இருக்கும் வாசிகசாலை போன்றது. நம் சொற்களிலேயே இந்தப் பிரிவு பதிந்திருக்கிறது. ஒரு பொருளில் தொடங்கி மறுமொழிகளாக வளரும் உரையாடலைத் தமிழ் மடற்குழுக்காரர்கள் ‘இழை’ என்றார்கள், கருத்துக்களத்தார் ‘திரி’ என்றார்கள். ஒரே பொருளுக்கு இரண்டு சொல் பிறக்கும் அளவுக்கு இரு கூட்டத்தாரும் தனித்தனியே புழங்கினார்கள்.

மடலின் வலிமை, அது இணைப்பு அறுந்தாலும் வேலை செய்வது. 1990களின் தொடக்கத்தில் இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்கு மின்னஞ்சல் வந்தபோது, மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட லேர்ன் வலையமைப்பில் மடல்கள் சேர்த்துவைக்கப்பட்டு, தொலைபேசித் தொடுப்புக் கிடைத்த நேரத்தில் கட்டாக அனுப்பப்பட்டன. பக்கத்தைத் திறந்து காத்திருக்கும் பேச்சு இல்லை. எழுதிவைத்தால் போகும் நேரத்தில் போகும். சமிக்ஞை விட்டுவிட்டு வரும் கரையோர ஊர்களில் இந்தக் குணத்துக்கு இன்றும் மதிப்புண்டு. களத்தின் வலிமை வேறு. நேற்றுச் சேர்ந்தவர் பத்தாண்டுக்கு முந்திய திரியைத் தேடிப் படிக்கலாம். எழுத்துப்பிழையைத் திருத்தலாம். ஒரு நாளைக்கு நூறு மடல் வந்து பெட்டி நிரம்புமே என்ற அச்சம் இல்லை. கையில் தொலைபேசி மட்டும் உள்ள ஒரு மாணவிக்கு நுழைவு எளிது.

உலகின் பெரும் திட்டங்கள் இந்த விடயத்தில் வெவ்வேறு முடிவுகளுக்கு வந்துள்ளன. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஓகஸ்ட் 25இல் தம் இயங்குதளத்தைப் பற்றி முதலில் அறிவித்தது மடற்குழுவுக்கு நெருங்கிய உறவான ஒரு செய்திக்குழுவில். லினக்ஸ் கருநிரலை எழுதுவோர் இன்றும் மடற்குழுவிலேயே நிரல் திருத்தங்களை அனுப்பி, வரிவரியாக விவாதிக்கிறார்கள். டெபியன் சமூகமும் மடற்குழுக்களை விடவில்லை. பைதான் மொழியை வளர்ப்போர் 2022இல் தம் முதன்மை விவாதத்தை டிஸ்கோர்ஸ் என்ற களமென்பொருளுக்கு மாற்றிக்கொண்டார்கள். குனோம் திட்டமும் அதே ஆண்டு தன் மடற்குழுக்களை மூடிவிட்டுக் களத்துக்குப் போனது. ஒவ்வொரு மாற்றத்திலும் சிலர் உள்ளே வந்தார்கள், சிலர் விலகிப் போனார்கள். விலகியவர்களில் நீண்ட அனுபவம் உள்ளவர்களும் உண்டு. அவர்கள் சண்டைபோட்டுக்கொண்டு போகவில்லை. பெட்டிக்கு மடல் வருவது நின்றது, அவர்களும் மெல்ல நின்றுபோனார்கள்.

தமிழின் மடற்குழுக் காலம்

1995இல் பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெற் மடற்குழு, உலகெங்கும் சிதறியிருந்த தமிழ்க் கணினி ஆர்வலர்களை ஒரே பேச்சில் கூட்டியது. அப்போது பொதுவான எழுத்துக் குறியாக்கம் கிடையாது. ஒருவர் எழுத்துருவில் அடித்தது மற்றவர் திரையில் குப்பையாக விழும். இந்தச் சிக்கலுக்கு விடை தேடி 1990களின் பிற்பகுதியில் உருவான திஸ்கி குறியாக்கம், நாடுகளைக் கடந்து மடல்களில் நடந்த விவாதத்தின் பிள்ளை. எந்த இடத்தில் எந்த எழுத்தை வைப்பது, கிரந்தத்துக்கு எவ்வளவு இடம், உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனிக்குறி வேண்டுமா என்று முகம் பாராத மனிதர்கள் மாதக்கணக்கில் எழுதித் தீர்த்தார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் மடல்வழி ஒருங்கிணைப்பில் வளர்ந்ததே. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முதலானோர் அதை நடத்த, தன்னார்வலர்கள் பல நாடுகளில் இருந்தபடி பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள், மெய்ப்புப் பார்த்தார்கள்.

லினக்ஸைத் தமிழில் கொண்டுவர முனைந்தோர் கூடிய இடங்களில் ஒன்று யாகூ குழுமங்களில் இருந்த ‘தமிழினிக்ஸ்’. கோப்பு, அடைவு, சாளரம் என்று இன்று இயல்பாகப் புழங்கும் கலைச்சொற்களைப் பற்றிய வாதங்கள் இப்படிப்பட்ட குழுக்களில்தான் நடந்தன. இலங்கையில் லங்கா லினக்ஸ் பயனர் குழு சிங்களத்தைக் கணினியில் நிறுத்தப் பாடுபட்டது. அதன் பெயரைத் தாங்கிய சிங்கள எழுத்துரு இன்றும் டெபியனில் இருக்கிறது. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் லங்கா மென்பொருள் அறக்கட்டளையைச் சூழ்ந்த தன்னார்வலர்கள் சில நாட்களில் கட்டத் தொடங்கிய சஹானா நிவாரண மென்பொருள், பின்னர் பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், ஹெய்ட்டி ஆகிய நாடுகளின் பேரிடர்களிலும் உதவியது. 2006க்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகநல விருது அதற்குக் கிடைத்தது.

பிறகு உரையாடல் இடம் மாறியது. களங்கள், வலைப்பதிவுகள், முகநூல், வட்சப் என்று ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தது. ஒவ்வொரு நகர்விலும் முந்திய இடத்தின் பேச்சு அங்கேயே விடப்பட்டது. 2019 ஒக்டோபரில் யாகூ தன் குழுமங்களில் இருந்த பழைய உள்ளடக்கத்தை நீக்கப்போவதாக அறிவித்தது. 2020 டிசெம்பர் 15இல் சேவையே நின்றது. தமிழினிக்ஸ் பக்கமும் அதில் அடங்கும். ஒரு சொல்லை ஏன் தேர்ந்தோம், ஒரு குறியாக்க முடிவை ஏன் எடுத்தோம் என்பதற்கான சாட்சியங்கள் ஒரு நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் வெட்டப்பட்ட செலவாக முடிந்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மடற்குழுவில் ஒவ்வோர் உறுப்பினர் பெட்டியிலும் ஒரு படி இருக்கிறது. நடுவிலுள்ள சேவையகம் போனாலும் யாரோ ஒருவரின் பழைய கணினியில் அது மிஞ்சக்கூடும். களத்தில் படி ஒன்றே. ஆனால் அது ஒழுங்கானது, தேடத்தக்கது, புதியவருக்கு எட்டுவது. மடற்குழு பலர் சுமக்கும் நினைவு, களம் அடுக்கிவைத்த நினைவு. இரண்டும் ஒரு சமூகத்துக்கு வேண்டும். இணைப்பு என்ற பேச்சை வசதிக்கான ஏற்பாடாக மட்டும் பார்ப்போர் இதைத் தவறவிடுகிறார்கள்.

கால்வாய் வெட்டும் முறை

இணைப்பின் உயிர்நாடி ஒரு சிறு வரி. ஒவ்வொரு மின்மடலின் தலைப்பகுதியிலும் அதற்கேயுரிய அடையாளக் குறி ஒன்று உண்டு. மறுமொழி எழுதும்போது, எந்த மடலுக்கு விடை என்பதைச் சொல்லும் இன்னொரு வரி சேரும். முன்னைய மடல்களின் குறிகளை வரிசையாகச் சொல்லும் வரியும் உண்டு. 1982இல் வெளிவந்த ஆர்எஃப்சி 822 என்ற விதிமுறை ஆவணத்திலேயே இவை இருக்கின்றன. இந்தக் குறிகளைக் கொண்டுதான் ஒரு மென்பொருள் இழையைப் பின்னுகிறது. களத்தின் ஒவ்வொரு பதிவுக்கும் இத்தகைய குறியைக் கொடுத்து மடலாக வெளியே அனுப்பி, வரும் மறுமொழி மடலில் உள்ள குறியைப் படித்து உரிய திரியில் ஒட்டினால் பாலம் ஆயிற்று. குறி தொலைந்தால் உறவும் தொலையும். விடை தனி மடலாகக் கிடந்து, எதற்கான விடை என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

பலர் இதைப் பல வழிகளில் செய்திருக்கிறார்கள். நோர்வேயின் லார்ஸ் மாக்னே இங்கெபிரிக்ட்சன் 2002இல் தொடங்கிய ஜிமேன், ஆயிரக்கணக்கான மடற்குழுக்களைச் செய்திக்குழுக்களாக மாற்றிக் காட்டியது. அங்கிருந்தே எழுதவும் முடிந்தது. 2016இல் அதன் இணைய முகம் மூடப்பட்டபோது உலகெங்கும் பல கட்டுரைகளிலும் வழுப்பதிவுகளிலும் இருந்த தொடுப்புகள் ஒரே நாளில் செத்தன. 2015இல் வெளிவந்த மெயில்மேன் 3, ஹைப்பர்கிட்டி என்ற காப்பகத்தைக் கூட்டிவந்தது. மடற்குழு அப்படியே இருக்கும். ஆனால் உலாவியில் திறந்தால் களம்போலத் தோன்றும், அங்கே எழுதிய மறுமொழி எல்லோருக்கும் மடலாகப் போகும். எதிர்த்திசையில், 2013இல் அறிமுகமான டிஸ்கோர்ஸ் களமாகப் பிறந்து மடலைக் கற்றுக்கொண்டது. விரும்பியவர் மடற்குழு முறையைத் தேர்ந்தால் ஒவ்வொரு பதிவும் பெட்டிக்கு வரும். அதற்கு அங்கிருந்தே விடை எழுதலாம்.

இவற்றில் எது நல்லது என்று கேட்பதைவிட, பாலம் இருவழியா என்று கேட்பதே பயன்தரும். களத்தில் நடப்பதை மடலில் அறிவித்துவிட்டு, விடை எழுத உள்ளே வா என்று சொல்வது வெறும் அறிவிப்புப் பலகை. மடலில் எழுதுபவரின் சொல் களத்தில் அதே மதிப்போடு, அதே வரிசையில், அவர் பெயரோடு நிற்க வேண்டும். அங்கேதான் இரு கூட்டத்தாரும் ஒரே சமூகம் ஆகிறார்கள்.

உடையும் இடங்கள்

முதல் உடைப்பு அடையாளத்தில். மோசடி மடல்களைத் தடுக்க, 2014 ஏப்ரலில் யாகூ ஒரு கடும் விதியை இட்டது. தன் முகவரியோடு வரும் மடல் உண்மையில் தன்னிடமிருந்து வந்ததென்று நிறுவப்படாவிட்டால் அதை ஏற்க வேண்டாம் என்று பிற அஞ்சற்சேவைகளுக்கு அறிவித்தது. நோக்கம் நல்லது. ஆனால் மடற்குழுவின் வேலையே பிறர் மடலை வாங்கி, தலைப்பில் குழுவின் பெயரையும் அடியில் ஒரு குறிப்பையும் சேர்த்து, தன் சேவையகத்திலிருந்து மீள அனுப்புவது. மடலில் கைவைத்ததும் மின்னொப்பம் பொருந்தாமல் போகும். யாகூ பயனர் ஒருவர் எழுதிய மடலை மற்றச் சேவைகள் திருப்பி அனுப்பின. திரும்பி வந்த மடல்களைக் கண்ட குழுமென்பொருள், பெறுநரின் பெட்டி இறந்துவிட்டது என்று எண்ணி அவரையே குழுவிலிருந்து நீக்கியது. எழுதியவரும் குற்றவாளி அல்லர், பெற்றவரும் அல்லர். இருந்தும் குழு சிதைந்தது. ‘இன்னார், குழு வழியாக’ என்று அனுப்புநர் பெயரை மாற்றி எழுதும் ஏற்பாடு அதற்குப் பின்னரே பரவியது. பாலம் கட்டுவோர் எல்லோரும் இந்தப் பாடத்தை முதலில் படிக்க வேண்டும்.

இரண்டாவது உடைப்பு தமிழுக்கே உரியது. மின்மடலின் தலைப்பு வரி ஆங்கில எழுத்துகளை மட்டும் நினைத்து அமைக்கப்பட்டது. பிற மொழியில் தலைப்பு எழுதினால் 1996இன் ஆர்எஃப்சி 2047 விதிப்படி அதை மறைகுறிபோல மாற்றி, ஒவ்வொன்றும் 75 எழுத்தைத் தாண்டாத துண்டுகளாக அனுப்ப வேண்டும். ‘கற்பிட்டி’ என்ற சொல் கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் அது ஒன்பது குறிகள், யூடிஎஃப்-8 முறையில் 27 பைட்டுகள். வழக்கமான பேஸ்64 முறையில் ஒரு துண்டில் 45 பைட்டுகள், அதாவது 15 தமிழ்க் குறிகள் அடங்கும். ‘கற்பிட்டியிலிருந்து’ என்ற ஒற்றைச் சொல்லே அதைத் தாண்டிவிடும். ஒரு குறியின் நடுவில் துண்டை வெட்டக்கூடாது என்று விதி சொல்கிறது. ஆங்கிலத் தலைப்புகளை மட்டும் வைத்துச் சோதிக்கப்பட்ட பாலமென்பொருள் அதை மீறினால், தமிழ்த் தலைப்பு கட்டங்களும் கேள்விக்குறிகளுமாகச் சிதறும். தலைப்பை வைத்து இழையைச் சேர்க்கும் மென்பொருளாக இருந்தால் சிதைந்த தலைப்பு புதுத் திரியாகவே பிறக்கும். இப்படியான வழுக்களைத் தமிழில் எழுதிப் பார்க்கிறவர்கள்தான் கண்டுபிடிக்க முடியும். அவர்கள் வழுவைப் பதியாவிட்டால் வேறு யாரும் பதியப் போவதில்லை.

மூன்றாவது, மாற்றம். களத்தில் எழுதியதைத் திருத்தலாம், மட்டுறுத்துநர் நீக்கலாம். அனுப்பிய மடலை யாரும் திருப்பி எடுக்க முடியாது. டிஸ்கோர்ஸ் இதற்காகவே பதிவு இட்டதும் சில நிமிடம் பொறுத்துத்தான் மடலை அனுப்புகிறது. பிழை கண்டவர் அதற்குள் திருத்திக்கொள்ளலாம். பிழைக்கு அது போதும், அவதூறுக்குப் போதாது. ஒருவரின் தொலைபேசி எண்ணோ வீட்டு முகவரியோ களத்தில் இடப்பட்டு ஒரு மணி நேரம் கழித்து நீக்கப்பட்டாலும் நூறு பெட்டிகளில் அது தங்கிவிடும். மடற்குழுவைப் பலர் சுமக்கும் நினைவாக்கிய அதே குணம் இங்கே தீங்காகத் திரும்புகிறது.

1996இன் பாடம்

தொடக்கத்தில் சொன்ன புத்தளம் கரைக்கு, இணைப்பே சுமந்துவரும் இந்தத் தீங்கு புதிதல்ல. 1980களில் தொடங்கி வடமேல் மாகாணக் கரையோரம் முழுவதும் இறால் பண்ணைகள் பெருகின. ஒல்லாந்தர் கால்வாய்தான் அவற்றில் பலவற்றுக்கு நீர் ஊற்று. குளத்துக்கு நீர் எடுப்பதும் அதிலிருந்து, கழிவுநீரை விடுவதும் அதிலேயே. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது ஒரு பண்ணையின் நோய் கால்வாய் வழியே அடுத்த பண்ணைக்குப் போனது. இணைத்திருந்த நீரே நோயைச் சுமந்தது. பல குடும்பங்கள் கடனில் வீழ்ந்தன, குளங்கள் வறண்டு கிடந்தன.

கால்வாயை யாரும் மூடவில்லை. பண்ணையாளர் சங்கங்களும், 1998ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையும் சேர்ந்து கரையை வலயங்களாகப் பிரித்தன. எந்த வலயம் எந்த மாதங்களில் குஞ்சு விடலாம் என்று ஒரு நாட்காட்டி போட்டன. ஒருவர் தன் குளத்தில் செய்வது அண்டையாரின் குளத்தையும் பாதிக்கும் என்பதை ஏற்று, எல்லோரும் கூடித் தீர்மானித்த ஒழுங்கு அது. ஆய்வாளர்கள் இதைப் பொதுவளத்தைச் சமூகமே ஆளும் முறைக்கு எடுத்துக்காட்டாக எழுதியிருக்கிறார்கள். பொதுவளம் என்ற சொல் மென்பொருளுக்கும் அப்படியே பொருந்தும்.

இரண்டு உரையாடல்களை இணைக்கும் சமூகம் முதலில் இப்படியொரு நாட்காட்டி போட வேண்டும். புதியவரின் முதல் பதிவு மட்டுறுத்தலுக்குப் பின்தான் மடலாகப் போகுமா? நீக்கப்பட்ட பதிவின் மடற்படியைக் காப்பகம் என்ன செய்யும்? உறுப்பினரின் மின்னஞ்சல் முகவரி களத்தில் தெரியுமா, மறையுமா? முந்திய மடலை முழுதாகக் கீழே தொங்கவிடும் வழக்கம் களத்தில் எப்படி வெட்டப்படும்? இவை எந்த மென்பொருளின் அமைப்புப் பக்கத்திலும் சில தெரிவுகளாகக் கிடக்கும். ஆனால் தெரிவது நிர்வாகியின் தனிவிருப்பாக இருந்தால் முதல் சண்டையிலேயே ஒரு பகுதியினர் வெளியேறுவார்கள். இரு கரையாரும் சேர்ந்து தீர்மானித்து, எழுதி, எல்லோருக்கும் தெரியும் இடத்தில் வைத்தால் நிற்கும்.

இன்று செய்ய வேண்டியது

பாலம் என்பது இரண்டு மென்பொருளுக்கு இடையே மட்டும் அமைவதல்ல. 1999இல் மலைநாட்டின் கொத்மலையில், யுனெஸ்கோவின் ஆதரவோடு சமூக வானொலியும் இணையமும் கைகோத்தன. மக்கள் கடிதத்திலும் தொலைபேசியிலும் கேள்வி கேட்டார்கள். அறிவிப்பாளர்கள் இணையத்தில் விடை தேடி, தம் மொழியில் வானலையில் சொன்னார்கள். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களில் இலவச இணைய வசதியும் வைக்கப்பட்டது. கணினியைத் தொடாத ஒரு விவசாயியின் கேள்வி உலக வலைக்குப் போய் விடையோடு திரும்பிய அந்த ஏற்பாடு, நம் நாட்டிலேயே பிறந்த இருவழிப் பாலம். கருவியைப் பயனரின் வாசலுக்குக் கொண்டுபோவதே அதன் அடிப்படை.

இன்று தமிழ்க் கட்டற்ற மென்பொருள் உரையாடலில் பெரும்பகுதி வட்சப், டெலிகிராம் குழுக்களில் ஓடுகிறது. அங்கே நடக்கும் நல்ல விவாதத்தை ஆறு மாதம் கழித்துச் சேரும் ஒருவர் காண முடியாது. மடற்குழுவில் இருக்கும் மூத்தவர் அறியவே மாட்டார். தேடுபொறிக்கும் எட்டாது. எனவே நாம் தொடங்க வேண்டிய வேலை தெளிவானது. ஒவ்வொரு சமூகமும் தன் கட்டுப்பாட்டில் உள்ள ஒரு சேவையகத்தில், இருவழிப் பாலமுள்ள மென்பொருளொன்றை நிறுவட்டும். உடனடி அரட்டையில் எடுத்த முடிவுகளை அங்கே பதிவது ஒருவரின் பொறுப்பாகட்டும். கையில் மிஞ்சியிருக்கும் பழைய மடல்களை, எழுதியவரின் சம்மதத்தோடு, அடையாளக் குறிகள் குலையாமல் அந்தக் காப்பகத்தில் ஏற்றட்டும். லினக்ஸ் கருநிரலின் லோர் காப்பகத்தை யாரும் முழுமையாகப் படியெடுத்துத் தம்மிடம் வைத்துக்கொள்ளலாம். அதே விதியை நாமும் வைத்தால், இன்னொரு நிறுவனம் கதவை மூடும்போது நம் நினைவு அதனோடு போகாது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா தன் பொது விவாதப் பக்கத்துக்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயர் வைத்து, பேசிய பேச்சையெல்லாம் சேமித்து வருகிறது. நம்மால் முடியும் என்பதற்கு அந்த ஒரு பக்கமே சான்று.

உடப்பிலோ கற்பிட்டியிலோ ஒரு பிள்ளை இரவில் தொலைபேசியில் களத்தைத் திறந்து, தமிழ்த் தலைப்போடு ஒரு கேள்வி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். தமிழினிக்ஸ் காலத்திலிருந்து மடலை விடாத ஒருவர், விடியற்காலையில் தூரத்து நாட்டில் தம் பெட்டியைத் திறந்து அதைப் படிக்கிறார். தலைப்பு உடையாமல் இருக்கிறது. அவர் அங்கேயே விடை எழுதுகிறார். பிள்ளை அதைத் திரி என்பாள், அவர் இழை என்பார். பத்தாண்டு கழித்து வரும் மூன்றாமவர் இரண்டையும் ஒரே பக்கத்தில் படிப்பார்.